பட்டாளத்துக்காரர் பதில்கள்: சல்யூட்டைத் திருப்பித் தருகிறோமா?

போன இதழில் வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் கடிதம் வந்ததைச் சொல்லி, "இதற்கு நாலு வரியில் பதில் எழுத முடியாது, அடுத்த முறை எழுதுகிறேன்" என்றிருந்தேன். அதற்குள் அதே விஷயமாக இன்னும் நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் பென்ஷன், கேன்டீன் கார்டு கேள்விகளையெல்லாம் இந்த முறை ஒதுக்கி வைத்துவிட்டு, பட்டாளத்து மரியாதை பற்றி வந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சுபேதார் சாப், ஜெய்ஹிந்த். 24 வருஷம் சர்வீஸ் முடித்து 2009-ல் ஊருக்கு வந்தவன் நான். போன மாதம் கேன்டீனுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் 80 வயதைத் தாண்டிய சுபேதார் மேஜர் சாப் ஒருவர், சட்டையில் பல்டன் (படைப்பிரிவு) பேட்ஜ் குத்திக்கொண்டு, கைத்தடியோடு நின்றிருந்தார். லீவில் வந்த நாலு பையன்கள், காதில் எதையோ செருகிக்கொண்டு, அவரை இடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். இவர் யார் தெரியுமா என்று நான் கேட்டேன். "சரி அங்கிள், விடுங்க" என்றான் ஒருவன். பட்டாளத்தில் மரியாதை செத்துப் போய்விட்டதா?
(ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்)

பதில்: அண்ணே, ஜெய்ஹிந்த். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெரியவர் பதிலுக்கு எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதுதான் மனசில் நின்றது.

குறைந்திருக்கிறதா என்றால், ஆமாம், குறைந்திருக்கிறது. எந்தக் காலத்திலும் வயசானவர்கள் இப்படித்தான் புலம்புவார்கள் என்று சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அப்படித் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. 1988-ல் சேர்ந்து 2016-ல் வெளியே வந்த நான், கடைசி ஆறேழு வருஷத்தில் இது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை லைனிலேயே, அதாவது ஜவான்கள் தங்குகிற இடத்திலேயே, பார்த்தேன். ஆனால் எங்கே குறைந்தது, யாரிடமிருந்து ஆரம்பித்தது என்பதில்தான் நீங்களும் நானும் வேறுபடுவோம் என்று நினைக்கிறேன்.

பயிற்சியில் குறையவில்லை. நீலகிரியில் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில், பயிற்சி முடிந்து சத்தியம் செய்கிற கசம் பரேடு பார்த்தால் தெரியும். கொடியைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு வெளியே வரும் பையனின் சல்யூட்டில் ஒரு குறை சொல்ல முடியாது, நம் காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. அந்தப் பையன் யூனிட்டுக்குப் போய் ஒன்றிரண்டு வருஷம் ஆன பிறகுதான் கை தளர்கிறது. அப்படியென்றால் யூனிட்டில் அவன் எதைப் பார்க்கிறான்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் கடைசி போஸ்டிங்கில் புதுப் பையன் ஒருவன் இருந்தான், ராமநாதபுரத்துப் பக்கம். காலையில் லைனிலிருந்து ஆபீசுக்குப் போகிற வழியில் டியூட்டி. அந்த வழியாக வருகிற ஒவ்வொருவருக்கும் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பான், ஜேசிஓ (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி) என்றால் நிமிர்ந்து நின்று "ஜெய்ஹிந்த் சாப்" என்பான். ஒருவர் போனில் பேசிக்கொண்டே போவார். இன்னொருவர் கண்ணை மட்டும் அசைப்பார். இன்னொருவர் அதுகூட இல்லை. ஒரு வாரம் அடித்தான். பத்தாவது நாள் வாக்கில் யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொள்ள ஆரம்பித்தான். நான் கூப்பிட்டுத் திட்டினேன். "சாப், நான் அடிக்கிறது அவங்களுக்குத் தெரியவே இல்லையே" என்றான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஏனென்றால் அதற்கு இரண்டு நாள் முன்பு ஏதோ யோசனையில், அவன் சொன்ன ஜெய்ஹிந்துக்குப் பதில் சொல்லாமல் போனவர்களில் நானும் ஒருவன்.

சல்யூட் அடிப்பவனுக்கு எவ்வளவு கடமையோ, வாங்குகிறவருக்கும் அதைத் திருப்பித் தருகிற கடமை அவ்வளவே இருக்கிறது. இது ரெக்ரூட்டுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற பாடம். தருகிறவர் ஒழுங்காகத் தந்து, வாங்குகிறவர் சோம்பேறியாக வாங்கினால், அந்தப் பழக்கம் கீழேயிருந்து சாகாது அண்ணே, மேலேயிருந்துதான் சாகும்.

செல்போனையும் சொல்லத்தான் வேண்டும். நம் காலத்தில் கேம்ஸ் முடிந்து, ரோல்கால் முடிந்து, பாரக்கில் ஒரு பெட்ரோமாக்ஸைச் சுற்றியோ ஒரு ரேடியோவைச் சுற்றியோ உட்கார்ந்திருப்போம். சீனியர் ஹவில்தார் யாராவது 65-ல் என்ன நடந்தது, 71-ல் எந்த ஆற்றைத் தாண்டினோம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். பாதி கதையாகவும் இருக்கும். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் சுபேதார் மேஜர் சாப் யார், அவர் மார்பில் தொங்குகிற ரிப்பன் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்தது. தெரிந்ததால் மரியாதை வந்தது. இப்போது ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு திரை. பக்கத்துக் கட்டில்காரனின் ஊர் தெரியாதவனுக்கு 80 வயதுப் பெரியவரின் யுத்தம் எப்படித் தெரியும்?

அப்புறம் அந்த "அங்கிள்". உங்களுக்கு வலித்த இடம் அதுதான், எனக்கும் அதுதான். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், அதனால் விளக்குகிறேன். 22 வயதில் அகாடமியிலிருந்து வருகிற லெப்டினன்ட், 45 வயது சுபேதாரை "சாப்" என்றுதான் கூப்பிட வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருடைய சீனியர் ஆபீசரே அவரைக் கண்டிப்பார். சுபேதார் அந்தப் பையனை "சார்" என்பார், சல்யூட் அடிப்பார். ஒருவருக்கு ஜனாதிபதியின் கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், இன்னொருவருக்கு இருபது வருஷ அனுபவம், இரண்டுக்கும் மரியாதை உண்டு என்று ஒரே நேரத்தில் ஒப்புக்கொள்கிற ஏற்பாடு அது. சாப் என்பது அவர் பல்டனில் சம்பாதித்த சொத்து. அதை எடுத்துவிட்டு அங்கிள் என்றால், கையிலிருப்பதைப் பிடுங்கிய மாதிரிதான்.

இன்னொரு முறை இப்படி நடந்தால் ஒன்று செய்யுங்கள். "இவர் யார் தெரியுமா" என்று ஆரம்பிக்காதீர்கள், அது சண்டைக்கு அழைப்பு மாதிரி ஆகிவிடும். அவருடைய ரேங்க், பெயர், பல்டன், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, இது நாலையும் சத்தமாக, பரேடில் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள். யூனிஃபார்ம் போட்ட உடம்புக்கு அந்தக் குரல் தெரியும். தானாகக் குதிகால் சேரும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்து விறைத்து நின்று சல்யூட் அடிப்பது அடிமைத்தனம் இல்லையா? வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்தானே? குறைந்தால் நல்லதுதானே?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தம்பி, தைரியமாகக் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. அடிமை வணங்குவான், எஜமான் திருப்பி வணங்க மாட்டான். சல்யூட்டில் எஜமானும் திருப்பி அடித்தாக வேண்டும். ஜெனரலாக இருந்தாலும் சிப்பாயின் சல்யூட்டைத் திருப்பித் தராமல் போனால் அது அவருடைய குற்றம். அதோடு, சல்யூட் ஆளுக்கு இல்லை, அவர் வைத்திருக்கிற கமிஷனுக்கு. அந்தக் கமிஷனைக் கொடுப்பவர் ஜனாதிபதி, அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள். அந்த ஆபீசரை எனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்காதவருக்கும் நான் சல்யூட் அடித்திருக்கிறேன், கூசவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் என்பது பாதி உண்மை. எங்கள் மதராஸ் ரெஜிமென்டே 1758-ல் கம்பெனிக்காரன் திரட்டியதுதான், அதை மறைக்க முடியுமா? ஆனால் வாய்விட்டுச் சொல்கிற வணக்கத்தைப் பாருங்கள். ஜெய்ஹிந்த் என்பது நேதாஜியின் படையிலிருந்து வந்தது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள், பெண்கள் உட்பட, அந்த ஐஎன்ஏ-வில் சேர்ந்து சொன்ன சொல். அவர்களை எதிர்த்து நின்ற அதே ராணுவம் பின்னால் அந்தச் சொல்லைத் தன் வணக்கமாக எடுத்துக்கொண்டது. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

பழசில் வேண்டாததைத் தூக்கிப் போடுவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2022 செப்டம்பர் 2-ம் தேதி கொச்சியில் விக்ராந்த் கப்பல் படையில் சேர்ந்த அன்று, கடற்படைக் கொடியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் சிலுவையை எடுத்தார்கள். 2023-ல் கடற்படை அதிகாரிகள் கையில் பேட்டன் கோல் வைத்திருக்கிற வழக்கத்தையும் நிறுத்தினார்கள். சல்யூட்டின் வடிவமும் மாறாதது இல்லை. தரைப்படையில் உள்ளங்கை எதிரே இருப்பவருக்குத் தெரியும், கடற்படையில் உள்ளங்கை கீழே பார்க்கும், விமானப்படை 2006-ல் தன் சல்யூட்டை மாற்றிக் கையை 45 டிகிரி சாய்வில் வைத்துக்கொண்டது. கப்பலில் தார், எண்ணெய் படிந்த கையைக் காட்டக் கூடாது என்றுதான் கடற்படையில் அப்படி வந்தது என்பார்கள், அது சொல்வழக்கு. வடிவம் எப்படி வேண்டுமானாலும் மாறட்டும், எனக்கு வருத்தமில்லை. நின்று, கண்ணைப் பார்த்து, நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது போய்விடக் கூடாது.

கேள்வி: ஐயா, என் மகன் அக்னிவீராகச் சேர்ந்திருக்கிறான். போனில் பேசும்போது, சீனியர் ஒருவருக்கு ஜெய்ஹிந்த் சொல்ல மறந்ததற்காக மரத்துக்கு நூறு தடவை சல்யூட் அடிக்க வைத்தார்கள் என்று சொன்னான். நாலு வருஷத்தில் திரும்பி வரப்போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? மற்றவர்கள் அவர்களைக் கொஞ்சம் இளப்பமாகவும் பார்க்கிறார்களாம். மனசு கேட்கவில்லை.
(ஒரு தாய், தேனி மாவட்டம்)

பதில்: அம்மா, முதலில் மரத்துக்கு அடித்த சல்யூட்டைப் பற்றி. கவலைப்படாதீர்கள், அது பட்டாளத்தில் ரொம்பப் பழைய வைத்தியம். வெலிங்டனில் ஒரு யூகலிப்டஸ் மரத்துக்கு நானும் அடித்திருக்கிறேன், டிசம்பர் மாதக் குளிரில், விரல் மரத்துப் போகும்வரை. ஆனால் எனக்கு அந்தத் தண்டனையைக் கொடுத்த உஸ்தாத், அதாவது பயிற்சி தருகிறவர், ஒரு தஞ்சாவூர்க்காரர், நான் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். முடிந்ததும் தன் மக்கில் இருந்த டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மறந்தது தப்பில்ல தம்பி, நாளைக்கு ரேடியோவில சொல்ற ஆர்டரையும் இப்படி மறந்தீன்னா உன் பக்கத்துல இருக்கிறவன் செத்துப் போவான்" என்றார். அதற்கப்புறம் நான் மறக்கவில்லை.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டீர்கள், இதற்குத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு, பனியில், மேலே இருப்பவர் "நகராதே" என்று ஒரு வார்த்தை சொன்னால், ஏன் என்று கேட்காமல் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் திடீரென்று நம்பிக்கை வராது. பகலில், ஆபத்தில்லாத நேரத்தில், ஆயிரம் முறை நின்று வணக்கம் சொல்லி, பதில் வாங்கிப் பழகிய உடம்புக்குத்தான் அது வரும்.

ஆனால் உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள். அடித்தார்களா, அம்மா அப்பாவை இழுத்துத் திட்டினார்களா, ஊரையோ சாதியையோ நிறத்தையோ சொல்லிப் பேசினார்களா? அப்படி ஏதாவது இருந்தால் அது ஒழுக்கம் கற்றுக்கொடுப்பது ஆகாது. ராணுவச் சட்டம் 1950-ல் 40-வது பிரிவு, மேலதிகாரியைத் தாக்குவதையும் மிரட்டுவதையும் மரியாதையில்லாமல் பேசுவதையும் குற்றம் என்கிறது, இதை எல்லா பாரக்கிலும் படித்துக் காட்டுவார்கள். அதே சட்டத்தின் 47-வது பிரிவு, ரேங்கில் தனக்குக் கீழே இருப்பவனை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ ஏழாண்டு வரை சிறை என்கிறது. அதையும் அதே குரலில் படித்துக் காட்டுகிறார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம் உண்டு.

இளப்பமாகப் பார்க்கிறார்கள் என்று எழுதியதுதான் என்னைச் சுட்டது. 2022 ஜூன் 14-ல் இந்த அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். நாலு வருஷம், அதில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர்ந்து இருக்க முடியும், ரேங்க் தனி, யூனிஃபார்மில் சின்னமும் தனி. பயிற்சிக் காலமும் எங்களுக்கு இருந்ததைவிடக் குறைவு. திட்டம் சரியா தப்பா என்பது வேறு பேச்சு. நான் கேட்பது இதுதான்: பல்டனில் நாம், நமக், நிஷான் என்று மூன்று சொல்வார்கள், பெயர், உப்பு, கொடி என்று அர்த்தம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் ஊரில் சொல்வதும் அதே உப்புதான். அந்தப் பையன் சாப்பிடுவதும் அதே உப்பு, அவன் நிற்பதும் அதே எல்லை. நாலு வருஷக்காரன் என்று அவனை ஒரு சீனியர் ஒதுக்கினால், பல்டனின் பழக்கவழக்கத்தை அவன் ஏன் தன்னுடையது என்று நினைக்கப் போகிறான்? விருந்தாளியாக நடத்தினால் விருந்தாளி மாதிரித்தான் இருப்பான். இப்போது சர்வீஸில் இருக்கிற நாயக், ஹவில்தார் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இதை மட்டும் யோசியுங்கள்.

உங்கள் மகனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். எங்கள் உஸ்தாத் மாதிரி ஒருவர் எந்த கம்பெனியிலும் இருப்பார், அவரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: தலையில் தொப்பி இல்லாதபோது ஆபீசர் வந்தால் நான் சல்யூட் அடிக்கலாமா? என் செக்‌ஷனில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஃபார்வர்டு போஸ்டில் அடிக்கக் கூடாதென்றும் சொல்கிறார்கள். நானும் உங்கள் ரெஜிமென்ட்தான் சாப்.
(ஒரு சிப்பாய்)

பதில்: வீர மதராசி! தொப்பி இல்லாமல் நம் தரைப்படையில் சல்யூட் கிடையாது. சாவதானில் (அட்டென்ஷனில்) நில், நிமிர்ந்து ஜெய்ஹிந்த் சொல், போதும். சினிமாவில் வெறுந்தலையோடு அடிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே.

ஃபார்வர்டு போஸ்ட் விஷயத்தில் உன் செக்‌ஷன்காரர்கள் சொன்னது சரி. எதிரி பார்க்கிற இடத்தில் நீ சல்யூட் அடித்தால், இவர்தான் ஆபீசர், இவரைச் சுடு என்று நீயே விரல் நீட்டிக் காட்டிய மாதிரி. அங்கே கை எழும்பாது. மரியாதை எப்படித் தெரியும் என்றால், நான் காஷ்மீரில் ஒரு போஸ்டில் இருந்தபோது எங்கள் கேப்டன், வடக்கத்திக்காரர், தட்டுத் தடுமாறித் தமிழ் கற்றுக்கொண்டவர், சாப்பாடு வந்ததும் முதலில் காவலில் நிற்கிற சென்ட்ரிக்குப் போச்சா என்று கேட்பார். போச்சு என்று சொன்னால்தான் தன் தட்டை எடுப்பார். "தம்பி, சாப்டாச்சா" என்று அவர் கேட்கிற அந்த அரைகுறைத் தமிழுக்காக எங்கள் ஆட்கள் எதையும் செய்வார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு ஒருவரும் சல்யூட் அடிக்கவில்லை. கீழே இறங்கி பேஸுக்கு வந்த அன்று, ஜீப்பிலிருந்து இறங்கினதும் யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒன்றாக அடித்தோம். அப்படியொரு சல்யூட்டை நான் எந்தப் பரேடிலும் பார்த்ததில்லை.

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். முன்பு ஒரு யூனிட்டில், அதிகாரி வீட்டில் காய்கறி வாங்குவது, நாயை நடத்திக்கொண்டு போவது என்று வேலை வாங்கினார்கள். இதை எதிர்த்துப் பேசினால் மரியாதை தெரியாதவன் என்கிறார்கள். இதுவும் பட்டாளத்து மரியாதையில் சேருமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: சேராது சகோதரி. சகாயக் என்பவர் அதிகாரியின் ஆயுதம், வயர்லெஸ், யூனிஃபார்ம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, களத்தில் அவரோடு ஜோடியாக இருக்க வேண்டியவர். அதை நாய்ச்சங்கிலி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் பட்டாளத்து மரியாதைக்குச் செய்த கெடுதல், சல்யூட் அடிக்காத பையன்கள் செய்ததைவிடப் பெரியது. இதைச் சொல்வதற்காகச் சில பழைய அதிகாரிகள் என்மேல் வருத்தப்படலாம். பரவாயில்லை. நல்ல அதிகாரிகள் நிறையப் பேர், வீட்டு வேலைக்குச் சொந்தக் காசில் ஆள் வைத்துக்கொண்டவர்கள், அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள்.

டேராடூனில் 1932-ல் ராணுவ அகாடமி தொடங்கியபோது, அப்போதைய தலைமைத் தளபதி செட்வுட் பேசிய பேச்சில் ஒரு பகுதி அங்கே மண்டபத்தில் இன்றும் பொறித்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில், உன் கீழே இருக்கிற ஆட்களின் மானமும் நலனும் சௌகரியமும் அடுத்து, உன் சொந்த சுகம் எப்போதும் கடைசியில் என்பது அதன் சாரம். அதைப் படித்துவிட்டுத்தான் அங்கே பயிற்சி முடிக்கிற ஒவ்வொரு அதிகாரியும் வெளியே வருகிறார். சிப்பாயின் மானம் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

என்ன செய்யலாம்? வீடியோ எடுத்துப் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2017 ஜனவரியில் அப்படிச் சில வீடியோக்கள் பரவியபோது, அப்போதைய தலைமைத் தளபதி பிபின் ராவத் குறைகேட்புப் பெட்டிகள் வைக்க ஏற்பாடு செய்தார். குறை வெளியே வந்தது நல்லதுதான், ஆனால் வீடியோ போட்டவருக்கு அதற்கப்புறம் வருகிற கஷ்டத்தைக் குடும்பம்தான் சுமக்க வேண்டியிருக்கும். ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவு, அதிகாரி அல்லாத எவருக்கும் தன் குறையை மேலே கொண்டுபோக வழி தருகிறது. மாதாமாதம் சைனிக் சம்மேளன் என்று யூனிட் ஆட்களின் கூட்டம் நடக்கும், அங்கே எழுந்து நின்று கேட்கலாம். இன்டர்வியூ கேட்டு சிஓவை, அதாவது யூனிட்டின் கமாண்டிங் ஆபீசரை, நேரில் பார்க்கலாம். இதெல்லாம் காகிதத்தில் சுலபம், செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுபேதார் மேஜர் சாப் நல்லவராக இருந்தால் முதலில் அவரிடம் தனியாகச் சொல்வதுதான் நல்ல வழி. பாதிக் குறைகள் அவர் அறையிலேயே தீர்ந்துவிடும், அவர் அங்கே உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான்.

ஒன்று மட்டும் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். பல்டன் தொடங்கிய நாளான ரெய்சிங் டே அன்று படா கானா என்கிற பெரிய விருந்தில் அதிகாரிகள் கையில் கரண்டியோடு நின்று ஜவான்களுக்குப் பரிமாறுவார்கள். சிஓ மாற்றலாகிப் போகிற அன்று அவர் ஜீப்பில் கயிற்றைக் கட்டி ஆட்களே இழுத்துக்கொண்டு போய் கேட்டில் விடுவார்கள். இந்த இரண்டு வழக்கமும் ஒரே பல்டனில்தான் இருக்கின்றன. நல்ல சிஓ போகும்போது அந்தக் கயிற்றைப் பிடிக்க இடம் கிடைக்காமல் நான் ஓரமாக நடந்து போயிருக்கிறேன். யாருக்காக இழுக்கிறோம், யாருக்காகச் சும்மா கையை வைத்துக்கொண்டு நடக்கிறோம் என்பது இழுக்கிற ஒவ்வொருவனுக்கும் தெரியும், ஜீப்பில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் 1971 யுத்தத்தில் இருந்த ஒரு பெரியவர் சமீபத்தில் காலமானார். என்ன மரியாதை செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தேசியக் கொடி போர்த்தலாமா என்று கேட்டதற்கும் பதில் சொல்ல ஆளில்லை. இனிமேல் தெரிந்து வைத்துக்கொள்ளக் கேட்கிறேன்.
(பள்ளி ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: சார், கேட்டதற்கு நன்றி. தேசியக் கொடியை நாமாக எடுத்துப் போர்த்தக் கூடாது. அரசு மரியாதை, ராணுவ மரியாதை, துணை ராணுவ மரியாதையோடு நடக்கிற இறுதிச் சடங்குக்கு மட்டும்தான் கொடி விதிகள் அதை அனுமதிக்கின்றன. அப்போதும் காவி நிறம் தலைப் பக்கம் இருக்க வேண்டும், கொடி குழிக்குள் இறங்கக் கூடாது, சிதையில் எரியக் கூடாது. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, முதல் போன் அங்கே போகட்டும். உதவித்தொகை எதற்குத் தகுதி என்பதையும் அவர்களே சொல்வார்கள். இரண்டாவது, பக்கத்து ஊர்களில் இருக்கிற பழைய பட்டாளத்துக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்களுக்குச் சொன்னால் போதும், வந்துவிடுவோம்.

பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. 2021 டிசம்பர் 8-ல் குன்னூர்ப் பக்கம் பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்தபோது, நஞ்சப்பசத்திரத்து ஜனங்களுக்கு யாரும் எந்தப் பழக்கவழக்கமும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வீட்டிலிருந்த கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அடுத்த நாள் வெலிங்டனிலிருந்து சூலூர் போகிற வழியெல்லாம் ஜனங்கள் நின்று பூப்போட்டார்கள்.

போன வருஷம் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய ஹவில்தார் தவறிப் போனார். நாங்கள் ஏழு பேர் போனோம், ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குக் கண் தெரியாது. பல்டன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வாசலில் ஒரு வரிசையாக நின்றோம். பிகிள் இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் அரைக்கை பனியனும் கைலியுமாக ஒரு பையன் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், அந்தத் தெருக்காரன். பாடையைத் தூக்கும்போது எங்களில் சீனியர் ஒருவர் ரேங்க், பெயர், பல்டன், வருஷம் எல்லாம் சொல்லி "சாவதான்" என்றார், குரல் பாதியில் உடைந்துவிட்டது. நாங்கள் சல்யூட் அடித்தோம். அந்தப் பையன் போனை மடியில் செருகிக்கொண்டு குடுகுடுவென்று ஓடி வந்து வரிசையின் கடைசியில், எனக்குப் பக்கத்தில், விறைப்பாக நின்றான். தலையில் ஒன்றுமில்லாததால் சல்யூட் அடிக்கவில்லை, கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை நேராக வைத்து நின்றான். பாடை தெருமுனை திரும்பும்வரை அப்படியே நின்றான். எந்த யூனிட் என்று அப்புறம் கேட்டேன். அக்னிவீர், பத்து நாள் லீவில் வந்திருக்கிறேன் சாப் என்றான்.